ஹாலுக்கு வெளியே 300 மீட்டர்

வாசகர் கேள்வி – பதில்

பிராஜெக்ட் சமர்ப்பிக்கும் காலம் வந்துவிட்டதை நான் காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. கடிதங்களே சொல்லிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே சங்கதி: மனித நடையை மோஷன் சென்சார் கட்டி அளக்கக் கிளம்பிய மாணவர் குழுக்களின் புலம்பல். நடை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் மொத்தக் கட்டையும் ஆசிரியர் என் தலையில் கட்டிவிட்டார். சரி, இந்த இதழில் நடை மட்டும்தான்.

கேள்வி: மேடம், நாங்கள் நான்கு பேர். கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு சென்சாரைக் கட்டி, 20 மீட்டர் நீள ஹாலில் ஒருவரை ஒரு நிமிடம் முன்னும் பின்னுமாக நடக்கவிட்டோம். முடுக்கத்தை ஒருமுறை தொகையிட்டால் வேகம், மறுமுறை தொகையிட்டால் தூரம் என்று படித்ததை அப்படியே புரோகிராம் ஆக்கினோம். கடைசியில் பார்த்தால் நடந்தவர் ஹாலுக்கு வெளியே 300 மீட்டர் தள்ளி, தரைக்குக் கீழே எங்கோ இருக்கிறார். சென்சார் மட்டம் என்று இருவர் சொல்கிறார்கள், புரோகிராம் தப்பு என்று ஒருவர். நான் யார் பக்கம் சேர்வது?
— டீமின் நான்காவது ஆள்

பதில்: யார் பக்கமும் சேராதீர்கள். சென்சாரும் நன்றாகத்தான் இருக்கிறது, புரோகிராமும் சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

சென்சாருக்குள் முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானி உங்கள் நண்பரின் அசைவை மட்டும் அளப்பதில்லை. மேஜை மேல் சும்மா கிடக்கும்போதும் அது 9.8 மீட்டர்/வினாடி² என்று காட்டும். கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்துகொண்டிருக்கும் அந்த நொடியில்தான் பூஜ்யம் காட்டும். ஆகவே அசைவு வேண்டுமென்றால் ஈர்ப்பைக் கழித்தாக வேண்டும். கழிப்பதற்கு, சென்சார் அந்தக் கணத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்தச் சாய்வை, அதே சென்சாரில் சுழற்சி வேகத்தை அளக்கும் கைரோஸ்கோப்பிலிருந்து கணக்கிடுகிறீர்கள். அதில் ஒரு டிகிரி பிசகி ஒரே பக்கமாகத் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 9.8-ஐ ஒரு டிகிரியின் சைனால் பெருக்கினால் 0.17. இல்லாத ஒரு முடுக்கம், கிடைமட்டமாக, விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இதை இருமுறை தொகையிட்டால் அரை × 0.17 × 60 × 60. பேனாவை எடுத்துப் போட்டுப் பாருங்கள்: 306 மீட்டர்! உங்கள் நண்பர் ஹாலை விட்டு வெளியேற ஒரே ஒரு டிகிரி போதும்.

தரைக்குக் கீழே போனதற்குக் காரணம் வேறாக இருக்கும். நீங்கள் 9.8 என்று கழிக்கிறீர்கள். உங்கள் சென்சார் நிமிர்ந்து அசையாமல் நிற்கும்போது 9.7 காட்டுகிற சாதியாக இருந்தால், அந்த 0.1 வித்தியாசம் ஒரு நிமிடத்தில் அவரை 180 மீட்டர் பூமிக்குள் இறக்கிவிடும். தொடங்கும் முன் சென்சாரின் ஆறு முகங்களையும் ஒவ்வொன்றாக மேஜையில் வைத்து, அது என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொண்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதால் கேட்கிறேன்.

வழி இருக்கிறது. நடையில் இயற்கையே ஒரு சலுகை தருகிறது. ஒரு குதிகால் தரையைத் தொட்டதிலிருந்து அதே குதிகால் மறுபடி தொடும் வரை ஒரு நடைச் சுற்று. அதில் ஏறத்தாழ 60 சதவீத நேரம் அந்தப் பாதம் தரையில் இருக்கும், 40 சதவீதம் காற்றில். தரையில் இருக்கும் நேரத்தின் நடுவில் பாதம் முழுதாகப் பதிந்து அசையாமல் நிற்கிற ஒரு துண்டு வரும். அங்கே வேகம் பூஜ்யம், சந்தேகமே இல்லை. உங்கள் கணக்கு அந்த இடத்தில் வேறு எதையாவது காட்டினால் அது பிழை; தூக்கி எறிந்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். பூஜ்ய வேகத் திருத்தம் என்பது இவ்வளவுதான். ஒவ்வொரு அடியிலும் கணக்கு புதிதாகத் தொடங்குவதால் பிழைக்கு வளர நேரமே கிடைக்காது. அதே ஒரு டிகிரி, ஒரு வினாடி மட்டும் ஓடினால் எட்டரை சென்டிமீட்டர்தான்.

ஆனால் இதற்குச் சென்சார் பாதத்தில் இருக்க வேண்டும். ஷூ லேஸ் முடிச்சின் மேல் கட்டுங்கள். நீங்கள் கட்டியிருக்கும் இடம் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி. பாதம் தரையில் ஒட்டியிருக்கும்போதும் அது கணுக்காலை மையமாக வைத்து முன்னால் சாய்ந்துகொண்டே போகும். அங்கே அசையாத கணம் என்று ஒன்று கிடையாது.

கடைசியாக ஒன்று. சராசரி அடி நீளம் மட்டும்தான் வேண்டுமென்றால் 20 மீட்டரை அடிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் போயிற்று. அளவு நாடாவுக்கு டிரிஃப்ட், அதாவது நேரம் போகப் போகப் பிழை சேர்வது, கிடையாது. உங்கள் சென்சார் கணக்கு சரியா என்று பார்ப்பதற்கும் அந்த நாடாவேதான் கதி.

கேள்வி: கீழ்க்காலில் கட்டிய எம்பியு-6050 சென்சாரின் கைரோஸ்கோப் வரைபடத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பெரிய உச்சி வருகிறது. ஆனால் எல்லா உச்சியும் ஒரே உயரத்தில், தட்டையாக, ரம்பத்தால் அறுத்துவிட்ட மாதிரி முடிகிறது. ஃபில்டர் போட்டு உருண்டையாக்கிவிடலாமா?
— எலக்ட்ரானிக்ஸ் மாணவி

பதில்: ஆக்கலாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது நீங்கள் வரைந்த ஓவியம், அவருடைய கால் அல்ல.

நீங்கள் எழுதியிருக்கும் எம்பியு-6050 சென்சார், யாரும் எதையும் மாற்றாவிட்டால், வினாடிக்கு 250 டிகிரி வரைதான் அளக்கும். சாதாரண நடையில் கால் காற்றில் வீசும்போது கீழ்க்காலின் சுழற்சி வேகம் இதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். தாண்டிய பகுதியைச் சென்சார் பதிவே செய்யவில்லை. பதிவாகாததை எந்த ஃபில்டரும் திருப்பித் தராது. வரம்பை 500 அல்லது 1000-க்கு மாற்றி, மறுபடி நடக்கவிட்டுப் பதிவு செய்யுங்கள். வலிக்கத்தான் செய்யும், வேறு வழியில்லை.

மாற்றும்போது பலரும் இடறும் கல் ஒன்று உண்டு. 250 வரம்பில், வினாடிக்கு ஒரு டிகிரி என்ற வேகத்துக்குச் சென்சார் தருவது 131 எண்ணிக்கை. 500-க்கு 65.5, 1000-க்கு 32.8. வரம்பை மாற்றிவிட்டு, வகுக்கும் எண்ணை 131 என்றே விட்டுவிட்டால், 500-இல் எல்லாரும் பாதி வேகத்தில் காலை வீசுவார்கள், 1000-இல் நாலில் ஒரு பங்கு வேகத்தில். முடுக்கமானிக்கும் இதே கதை: அதன் இயல்பு வரம்பு 2 ஜி (ஒரு ஜி என்பது பூமியின் ஈர்ப்பு முடுக்கம், அதே 9.8). பாதத்தில் கட்டினால் குதிகால் மோதும்போது அது போதாது, 8 அல்லது 16 வையுங்கள். 16 வைத்தால் ஒரு ஜி-க்கு 16384 எண்ணிக்கை அல்ல, 2048.

ஒரு கேள்வியிலேயே இவ்வளவு பிடிக்க முடிந்தது, நீங்கள் வரைபடத்தைக் கண்ணால் பார்த்ததால்தான். வரும் கடிதங்களில் பாதி, பதிவான எண்களை நேரே ஒரு பெரிய மெஷின் லேர்னிங் மாடலுக்குள் தள்ளிவிட்டு ‘ஏன் சரியாக வரவில்லை’ என்று கேட்பவை.

கேள்வி: இரண்டு போன்களை வைத்து அளக்கிறோம். மேஜையில் முகம் மேலாக வைத்தால் ஆண்ட்ராய்டு போன் 9.8 காட்டுகிறது, ஐபோன் மைனஸ் 1 காட்டுகிறது. ஐபோன் கெட்டுவிட்டதா?
— போன் சொந்தக்காரர் கவலையுடன்

பதில்: இல்லை, நிம்மதியாகத் தூங்குங்கள். ஆண்ட்ராய்டு மீட்டர்/வினாடி² கணக்கில் சொல்கிறது, ஐபோன் ஜி கணக்கில். குறியும் இரண்டுக்கும் நேர் எதிர். ஐபோன் எண்ணை மைனஸ் 9.8-ஆல் பெருக்கினால் இரண்டும் ஒரே மொழி பேசும்.

அதைவிடப் பெரிய தலைவலி நேரம். போனிடம் வினாடிக்கு 100 முறை கேட்டால் அது சரியாக 100 தரும் என்று நம்பாதீர்கள். அது வேண்டுகோள்தான், உத்தரவு அல்ல. ஒவ்வொரு வரியோடும் வரும் நேர முத்திரையைச் சேமித்து, அதை வைத்தே சீரான இடைவெளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் ஒன்றுக்கொன்று விலகும். நாங்கள் செய்வது எளிது: பதிவைத் தொடங்கியதும் இரண்டையும் சேர்த்துப் பிடித்து மேஜையில் ஒரு தட்டு, முடிக்கும் முன் இன்னொரு தட்டு. முதல் தட்டு இரண்டுக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லும், இரண்டாவது தட்டு அந்த இடைவெளி எவ்வளவு வளர்ந்தது என்று சொல்லும். முதல் தட்டோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: நடத்தல், படி ஏறுதல், படி இறங்குதல் மூன்றையும் பிரித்தறியும் மாடல் செய்தோம். 99 சதவீதம் துல்லியம்! ஆனால் எங்கள் கைடு சந்தோஷப்படாமல் உதட்டைப் பிதுக்குகிறார். டேட்டாவை 2.5 வினாடித் துண்டுகளாக, பாதிக்குப் பாதி மேற்படியும்படி வெட்டி, எல்லாவற்றையும் கலக்கி, 80 சதவீதத்தில் கற்றுக்கொடுத்து 20 சதவீதத்தில் சோதித்தோம். முறையாகத்தானே செய்திருக்கிறோம்?
— மனம் நொந்த இறுதியாண்டு டீம்

பதில்: உங்கள் கைடு நல்லவர். உதட்டைப் பிதுக்கியதோடு விட்டுவிட்டாரே.

துண்டுகள் பாதிக்குப் பாதி மேற்படிகின்றன என்கிறீர்கள். அப்படியானால் சோதனைப் பக்கம் போன ஒரு துண்டின் முதல் பாதி, கற்பித்த பக்கம் இருக்கும் அண்டைத் துண்டின் பின்பாதியாக ஏற்கெனவே இருக்கிறது. மாதிரி வினாத்தாளையே பரீட்சையில் கொடுத்தால் 99 வராமல் என்ன வரும்?

மேற்படிதலை எடுத்துவிட்டாலும் விஷயம் முடியாது. ஒவ்வொருவர் நடைக்கும் அவருக்கே உரிய ஒரு சாயல் உண்டு. கதவுக்கு வெளியே கேட்கும் காலடிச் சத்தத்தை வைத்தே யார் வருகிறார் என்று சொல்லிவிடுகிறோம் இல்லையா? உங்கள் மாடலும் ஆளை மனப்பாடம் செய்துவிட்டது. ஒரே ஆளின் துண்டுகள் இரு பக்கமும் இருந்தால், ‘இது படி ஏறுதல்’ என்று அது கற்றதா, ‘இது இன்னார் படி ஏறுவது’ என்று கற்றதா என்று பிரிக்கவே முடியாது. முன்பின் தெரியாத ஒருவர் சென்சாரைக் கட்டிக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அதனால் ஆள்வாரியாகப் பிரியுங்கள். ஒருவரை முழுதாக வெளியே நிறுத்தி, மற்றவர்களை வைத்துக் கற்பித்து, வெளியே நின்றவரை வைத்துச் சோதியுங்கள். ஒவ்வொருவரையும் ஒருமுறை வெளியே நிறுத்துங்கள். சராசரியை மட்டும் எழுதாமல் ஒவ்வொருவருக்கும் வந்த எண்ணையும் எழுதுங்கள். ஒருவருக்கு மட்டும் படுமோசமாக வரும். அங்கேதான் உங்கள் அறிக்கையின் சுவாரசியமான பக்கம் இருக்கிறது: அவர் ஏன் வித்தியாசம்? செருப்பா, உயரமா, சென்சார் பெல்ட் தளர்ந்ததா?

இந்த மாதிரி அசைவுகளைப் பிரித்தறியப் பலரும் பயன்படுத்தும் யுசிஐ டேட்டாவை (கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் பொதுவில் வைத்திருப்பது) பாருங்கள். 19 முதல் 48 வயது வரையிலான 30 தன்னார்வலர்கள், இடுப்பில் ஒரு ஸ்மார்ட்போன், வினாடிக்கு 50 பதிவு, 2.56 வினாடித் துண்டுகள், அதுவும் பாதிக்குப் பாதி மேற்படிதலோடுதான். ஆனால் 21 பேர் கற்பிக்க, 9 பேர் சோதிக்க என்று ஆட்களைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். பலர் அதை இறக்கிக்கொண்டு முதல் வேலையாக இரண்டு கோப்புகளையும் ஒன்றாக்கிக் கலக்கிவிடுகிறார்கள்.

ஆள்வாரியாகச் செய்தால் உங்கள் 99 இறங்கும். இறங்கிய எண்ணோடு போங்கள். கைடு சிரிப்பாரா தெரியாது, உதடாவது நேராகும்.

கேள்வி: பத்து பேரிடம் ஆளுக்கு 200 அடி பதிவு செய்திருக்கிறோம். எங்கள் மாதிரி அளவு 2000 என்று எழுதலாமா?

பதில்: பத்து என்று எழுதுங்கள்.

கேள்வி: யார் முதலில் இப்படி மனிதன் மேல் கருவி கட்டி நடையை அளந்தது? அறிக்கையின் முன்னுரைக்கு வேண்டும்.
— முன்னுரை எழுதும் பொறுப்பு தலையில் விழுந்தவள்

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1836-இல் ஜெர்மனியில் வெபர் சகோதரர்கள் நடையை அளந்து புத்தகமே போட்டார்கள். ஆனால் கருவியை உடம்பில் கட்டியது பிறகு வந்தவர்கள். பிரான்சில் எத்தியன்-ஜூல் மாரேயும் அவருடைய மாணவர் கார்லேயும் 1870-களில் ஷூவின் அடிப்பகுதியில் காற்றறை வைத்தார்கள். பாதம் தரையை அழுத்தும்போது காற்று ஒரு குழாய் வழியே போய், சுழலும் உருளை மேல் முள்ளை நகர்த்திக் கோடு போடும். எந்தக் கால் எப்போது தரையில், எப்போது காற்றில் என்று அந்தக் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். நீங்கள் இன்று ஷூவுக்குள் வைக்கும் அழுத்த சென்சாரின் பாட்டனார் அதுதான்.

அடுத்தது பிரவுனேயும் ஃபிஷரும், லைப்சிக் நகரில், 1891-இல். ஒரு படைவீரருக்குக் கறுப்பு உடை மாட்டி, கை கால்களோடு சேர்த்து ஒளிரும் மின்குழாய்களைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டார்கள். குழாய்கள் சீராக விட்டுவிட்டு மின்ன, கேமராக்கள் அந்த ஒளிக்கோடுகளைப் பதிந்தன. மின்சாரம் அவர் உடம்பில் பாய்ந்துவிடாமல் இருக்க ரப்பர் காப்பு வேறு. நடந்தது சில நிமிடங்கள். அவரைத் தயார் செய்யவே மணிக்கணக்கில் ஆனது, கையால் கணக்குப் போட்டு முடிக்க மாதக்கணக்கில். மூன்று பரிமாணத்தில் மனித நடைக்குக் கிடைத்த முதல் முறையான கணக்கு அது. 1895 தொடங்கி 1904 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார்கள்.

ஓடும் குதிரையை அடுத்தடுத்துப் படம் பிடித்த மைபிரிட்ஜின் 1878 படங்களை எல்லாரும் முன்னுரையில் ஒட்டுகிறார்கள். நீங்களாவது அந்த ரப்பர் சுற்றிய படைவீரரைப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் டீமில் ஒருவர், ‘நான் நடக்கிறேன், நீங்கள் புரோகிராம் எழுதுங்கள்’ என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். சொன்னபடி நடந்துவிட்டும் போய்விட்டார். நான்கு பேருக்கும் ஒரே மதிப்பெண் என்பது நியாயமா, மேடம்?
— பெயர் வேண்டாம், அவரும் இந்தப் பத்திரிகை படிப்பவர்

பதில்: நியாயம் கிடக்கட்டும். அவர் நடந்த டேட்டாவைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். எந்த உச்சியைத் தேடுகிறீர்கள் என்று தெரிந்தவர், தெரியாமலே அந்த உச்சிக்காக நடப்பார். குதிகாலை ஊன்றி ஊன்றி வைப்பார். தெரியாதவர்களும்கூட முதல் சில அடிகளில் ‘என்னைப் பார்க்கிறார்கள்’ என்ற நடையில்தான் இருப்பார்கள். பேச்சுக் கொடுத்து, சில சுற்று சும்மா நடக்கவிட்டு, பிறகுதான் பதிவைத் தொடங்க வேண்டும். தொடங்கும்போதும் நிற்கும்போதும் திரும்பும்போதும் வரும் அடிகளை வெட்டிவிட வேண்டும். அவை வேறு வகை நடை.

அந்த நண்பருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். யார் நடந்தது (பெயர் வேண்டாம், ஒரு எண்), என்ன செருப்பு, எந்தக் கால், சென்சாரின் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்த்தது, எத்தனை அடி என்று கண்ணால் எண்ணியது, நடுவில் யாராவது கதவைத் திறந்தார்களா — எல்லாவற்றையும் அவர் எழுதட்டும். ஆட்களை அழைத்து வருவதும் அவர் பொறுப்பு. பிற்பாடு ஒரு கோப்பில் வலமும் இடமும் மாறியிருக்கிறது என்ற சந்தேகம் வரும், கட்டாயம் வரும். அப்போது டீமில் எல்லாரும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டப் போகிறீர்கள்.

கேள்வி: கைடு 6 ஹெர்ட்ஸ் பட்டர்வொர்த் ஃபில்டர் (வினாடிக்கு 6 முறைக்கு மேல் அதிர்வதை அடக்கிவிடும் வகை) போடச் சொன்னார். போட்டதும் குதிகால் மோதும் கூர்மையான உச்சி காணாமலே போய்விட்டது. மீதி உச்சிகளும் சற்றுத் தள்ளி, தாமதமாக வருகின்றன.

பதில்: 6 ஹெர்ட்ஸ் என்பது கேமராவில் பதிவான புள்ளிகளின் இடத்துக்குப் பழக்கமான எண். உடம்பின் மூட்டுகள் நடையில் மெதுவாகத்தான் இடம் மாறும், அதற்கு அது பொருந்தும். முடுக்கமோ இரண்டு தடவை வகையிட்ட அளவு. குதிகால் தரையில் இடிக்கும் அதிர்ச்சி 6 ஹெர்ட்ஸுக்கு மேலே பரந்து கிடக்கும். 6-இல் வெட்டினால் நீங்கள் தேடுவதையே வெட்டுகிறீர்கள். யுசிஐ டேட்டாவில் இரைச்சலை நீக்க 20 ஹெர்ட்ஸில் வெட்டினார்கள், ஈர்ப்பைப் பிரிக்கத் தனியாக 0.3 ஹெர்ட்ஸ். எந்த எண்ணை எடுத்தாலும் வெட்டும் முன்பும் வெட்டிய பிறகும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள்.

தாமதத்துக்குக் காரணம் ஃபில்டரை ஒரு திசையில் மட்டும் ஓட்டியது. முன்னிருந்து பின்னும், பின்னிருந்து முன்னும் ஓட்டினால் தாமதம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அப்போது ஃபில்டரின் படி, அதாவது ஆர்டர், இரட்டிப்பாகிவிடும் என்பதை அறிக்கையில் மறக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: கீழ் முதுகில் ஒரே ஒரு சென்சார். அதை வைத்து இடது வலது சமமாக நடக்கிறாரா என்று சொல்ல முடியுமா? எங்கள் டீம் ஆள் ஒருவருக்கு இரண்டுக்கும் 4 சதவீத வித்தியாசம் வருகிறது. அவர் பயந்துபோயிருக்கிறார்.

பதில்: பயந்தவருக்கு முதலில்: அச்சடித்த மாதிரி இரு காலும் சமமாக நடப்பவர் கிடையாது. ஒரே ஆளின் ஒரே காலே சுற்றுக்குச் சுற்று சில சதவீதம் மாறும். அந்த ஏற்ற இறக்கமும் வெறும் இரைச்சல் அல்ல. 1995-இல் ஹவுஸ்டார்ஃபும் உடன் ஆய்வாளர்களும், இப்போதைய அடியின் நேரத்துக்கும் வெகு நேரம் முந்தைய அடிகளின் நேரத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். அதனால் நாலைந்து அடியை வைத்துக்கொண்டு யாரையும் நொண்டி என்று முத்திரை குத்தாதீர்கள்.

சொல்ல முடியுமா என்றால், முடியும். முதுகின் மேல்-கீழ் முடுக்கம் இடது அடிக்கும் ஒருமுறை, வலது அடிக்கும் ஒருமுறை எழும்பி இறங்கும். நிமிடத்துக்கு 120 அடி நடப்பவருக்கு அதன் அதிர்வெண் 2 ஹெர்ட்ஸ். பக்கவாட்டு அசைவோ இடப்பக்கம் ஒரு சாய்வு, வலப்பக்கம் ஒரு சாய்வு, இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு சுற்று. அது 1 ஹெர்ட்ஸ். எந்தெந்த அதிர்வெண் கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஃபூரியர் கணக்கைப் போட்டுப் பார்த்து இந்த 2-க்கு 1 தெரியவில்லை என்றால் அச்சுகள் மாறியிருக்கின்றன, மேலே போகாதீர்கள்.

சரியாக வந்தால், மேல்-கீழ் வரியை அதன் மேலேயே நகர்த்தி எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். ஓர் அடி நேரம் நகர்த்தும்போது இடது அடி வலது அடி மேல் விழும். இரண்டடி நேரம் நகர்த்தினால் இடது மேல் இடதே விழும். இரண்டாவது பொருத்தம் உயரமாக இருந்து முதலாவது குறைந்தால், சீராக நடக்கிறார், ஆனால் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. இரண்டுமே குறைந்தால் நடையே சீரில்லை, அல்லது உங்கள் பெல்ட் ஆடுகிறது. நான் முதலில் பெல்ட்டைத்தான் இறுக்குவேன்.

கேள்வி: பாட்டி சமீபகாலமாகத் தத்தித் தத்தி நடக்கிறார். அவருக்குச் சென்சார் கட்டி என்ன நோய் என்று பிராஜெக்ட்டில் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்கிறேன். பாட்டியும் சம்மதித்துவிட்டார்.
— பேரன்

பதில்: தம்பி, பாட்டியின் நடை சமீபத்தில் மாறியிருக்கிறது என்றால் அவரை முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இந்த வாரமே. பிராஜெக்ட் பிறகு.

உங்கள் மாடல் கற்றது கல்லூரி வயதுக்காரர்களின் நடையை. அதற்குப் பாட்டியின் நடை புதிது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும், நோயைத் தெரியாது. வரைபடத்தைக் காட்டி வீட்டில் ஏதாவது பெயர் சொல்லிவிட்டால், அதை அவர் மனதிலிருந்து திருப்பி எடுக்க முடியாது. நோயாளிகளின் நடை டேட்டாதான் வேண்டுமென்றால், முறையான அனுமதியோடு பதிவு செய்து பொதுவில் வைத்திருப்பவை பிசியோநெட் என்ற மருத்துவ டேட்டா இணையதளத்தில் உள்ளன. பார்கின்சன் உள்ளவர்களின் பதிவும் அங்கே உண்டு. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேறு முதியவர்களைப் பதிவு செய்யப்போகும் டீம்களும் கேளுங்கள். கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் பெல்ட்டைக் கையில் எடுக்கக் கூடாது. ஒருவர் கூடவே நடக்க வேண்டும், அதுவும் அரை அடி பின்னால், பக்கவாட்டில். முன்னால் நடந்தால் அவர்கள் உங்கள் வேகத்துக்கு நடப்பார்கள். விழப்போகும்போது பிடிக்கவும் முடியாது. ஒயர் எதுவும் தொங்கக் கூடாது.

கேள்வி: ஒரு நல்ல பிராஜெக்ட்டுக்கு எத்தனை சென்சார் வேண்டும்?

பதில்: அடி நேரமும் சமச்சீரும் என்றால் முதுகில் ஒன்று. முழங்கால் மடங்கும் கோணம் என்றால் தொடையில் ஒன்று, கீழ்க்காலில் ஒன்று. ‘இருக்கிறதே என்று’ ஏழு கட்டினால், கடைசி வாரத்தில் ஏழு சார்ஜர் தேடுவீர்கள்.

கேள்வி: காந்தமானியையும் சேர்த்தால் திசை துல்லியமாக வரும் என்றார்கள். எங்களுக்கு ஹாலின் ஒரு மூலைக்குப் போனாலே ஆள் திரும்பாமலே திசை திரும்புகிறது.

பதில்: தரைக்குள் இரும்புக் கம்பி, மூலையில் இரும்பு அலமாரி. காந்தமானிக்கு வடக்கும் அலமாரியும் ஒன்றுதான். குறுகிய நடைக்கு அதை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: வைவாவில் வெளித் தேர்வாளர் என்ன கேட்பார்? மாடலின் கட்டமைப்பை முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்.
— கை கால் உதறும் டீம்

பதில்: நான் போனால் மாடலைப் பற்றிக் கடைசியில்தான் கேட்பேன். கீழ்க்கால் கைரோஸ்கோப்பின் வரைபடத்தில் ஃபில்டர் போடாத ஒரே ஒரு நடைச் சுற்றைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவரச் சொல்வேன். பென்சிலைக் கொடுத்து, கால்விரல் தரையை விடுவது எங்கே, குதிகால் தொடுவது எங்கே என்று குறிக்கச் சொல்வேன்.

குறித்துப் பழகுங்கள். நடுவில் ஓங்கி நிற்கும் பெரிய உச்சி, கால் காற்றில் வீசும் நேரம். அதற்குச் சற்று முன்னால் கோடு பூஜ்யத்துக்குக் கீழே குழிந்து வரும் இடம் விரல் தரையை விடுவது. உச்சிக்குப் பிறகு மறுபடி பூஜ்யத்தைக் கடந்து கீழே இறங்கும் முதல் குழி குதிகால் தொடுவது. பிறகு கோடு கொஞ்ச நேரம் பெரிதாக எதுவும் இல்லாமல் போகும். அப்போது உடம்பு அந்தக் கால் மேல் ஏறி நிற்கிறது. சென்சாரைத் தலைகீழாகக் கட்டியிருந்தால் எல்லாம் கவிழ்ந்து வரும். அதையும் கேட்பார்கள், ‘கவிழ்ந்திருக்கிறது, குறியை மாற்றிப் படிக்க வேண்டும்’ என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

நான்கு பேரும் தனித்தனியாகக் குறித்து, ஒருவர் குறித்ததும் மற்றவர் குறித்ததும் எத்தனை மில்லி வினாடி வேறுபடுகிறது என்று பார்த்து வையுங்கள். புரோகிராம் குறித்ததும் அந்த வேறுபாட்டுக்குள் இருக்கிறதா என்று பக்கத்திலேயே எழுதுங்கள். லேசர் பாயின்டர் வேண்டாம். கை நடுங்கினால் அது விரலையும் குதிகாலையும் ஒன்றாகக் காட்டிவிடும்.